பழைய பிக்கப்பில் பிரேக் உதறல்: கடைசலா, புது டிஸ்க்கா?

தாளவாடியில் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வருகிறீர்கள். பண்ணாரி சோதனைச்சாவடியில் நீண்ட வரிசை. கால் பிரேக்கை அழுத்தியபடியே இருக்கிறது. அங்கிருந்து கிளம்பி சத்தியமங்கலம் ரோட்டில் 60-ல் போய் பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் இடமும் வலமுமாக உதறுகிறது. காலையில் மலை ஏறும்போது இந்த உதறல் இல்லை. பட்டறையில் காட்டினால், ‘டிஸ்க் பெண்டு ஆயிடுச்சுங்க, மாத்திடலாம்’ என்பார்கள். லேத் பட்டறையில் காட்டினால், ‘எதுக்கு மாத்தணும், கடைசல் போட்டுத் தர்றேன்’ என்பார்கள். கடைசல் என்றால் டிஸ்க்கின் முகத்தை லேத்தில் மெல்லச் சீவிச் சமமாக்குவது.

என் பழைய பிக்கப்பில் இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன். முதல் தடவை புது டிஸ்க் போட்டேன். ஏழாயிரம் கிலோமீட்டருக்குள் அதே உதறல் திரும்பி வந்தது. அடுத்த தடவை கடைசல் போட்டேன், இன்னும் சுத்தமாக ஓடுகிறது. இதை வைத்துக் கடைசல்தான் உசத்தி என்று சொல்ல மாட்டேன். முதல் தடவை ஹப்பில் (டிஸ்க்கும் சக்கரமும் பூட்டப்படும் நடுப்பகுதியில்) இருந்த துருவை யாரும் தேய்க்கவில்லை, பேரிங் ஆட்டத்தையும் பார்க்கவில்லை. இரண்டாம் தடவை பக்கத்தில் நின்று இரண்டையும் செய்ய வைத்தேன். அதனால்தான் எதில் பணம் போடுவது என்பதற்கு முன்னால் எது உதறுகிறது என்று பார்க்கச் சொல்கிறேன்.

முன்னால் டிஸ்க்கா, பின்னால் டிரம்மா?

நம் ஊரில் ஓடும் பழைய பிக்கப்களில் பெரும்பாலும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். இரண்டும் உதறும், ஆனால் உதறல் வந்து சேரும் இடம் வேறு. முன் டிஸ்க் என்றால் கையில் தெரியும்: ஸ்டீயரிங் ஆடும், கூடவே பெடலும் துடிக்கும். பின் டிரம் என்றால் ஸ்டீயரிங் அமைதியாக இருக்கும். சீட்டிலும் தரையிலும் அதிர்வு தெரியும், பெடல் மெதுவாகக் காலைத் தள்ளும்.

பிக்கப்புக்கே உரிய இன்னொரு அடையாளம் உண்டு. பல பிக்கப்களில் பின் ஆக்சிலுக்கு மேலே, பாரத்தைப் பொறுத்துப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு இருக்கும். காலி வண்டியில் பின் பிரேக் குறைவாகத்தான் பிடிக்கும். பாரம் ஏற்றினால் அதிகமாகப் பிடிக்கும். ஆகவே காலி வண்டியில் உதறாமல் லோடு ஏற்றினால் மட்டும் உதறினால் என் சந்தேகம் முதலில் டிரம் மேல்தான். அந்த வால்வின் கம்பி துருப்பிடித்து இறுகியிருந்தால், லோடு ஏற்றிய பிறகும் முன் டிஸ்க்கே எல்லா வேலையையும் செய்து தேவைக்கு மேல் சூடாகும். மலையில் ஓட்டுபவர்கள் இந்தக் கம்பியைக் கட்டாயம் பாருங்கள்.

உறுதிப்படுத்த ஹேண்ட்பிரேக் சோதனை உதவும். காய்ந்த, நேரான, ஆளில்லாத ரோட்டில் 40-ல் போகும்போது, ஹேண்ட்பிரேக் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே லேசாக இழுங்கள். அதே உதறல் வந்தால் டிரம், வராவிட்டால் முன்பக்கம். ஹேண்ட்பிரேக் கேபிள் பின் சக்கரங்களுக்குப் போகும் வண்டிகளில் மட்டும்தான் இதைச் செய்ய வேண்டும். கியர்பாக்ஸுக்குப் பின்னால் தனி டிரம் வைத்த பழைய ஜீப் வகைகளில் செய்யாதீர்கள்.

பிரேக்கே மிதிக்காமல், 80 ஒட்டி மட்டும் ஸ்டீயரிங் நடுங்கி அப்புறம் அடங்கினால் அது வீல் பேலன்ஸ், இல்லையென்றால் டயர். கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ் (மூட்டு) தேய்ந்தால் அதிர்வு வேறு மாதிரி இருக்கும். ஷாஃப்ட் சக்கரத்தைவிட ஏறக்குறைய 4 மடங்கு வேகமாகச் சுற்றுவதால், ‘தட் தட்’ என்று இல்லாமல் ‘ர்ர்ர்’ என்று வரும், ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் விட்டாலும் மாறும். பிரேக் உதறலின் வேகமோ சக்கரத்தோடு ஒட்டியது. டயர் ஒரு சுற்றில் 2 மீட்டருக்குச் சற்று மேல் போகிறது என்றால், 60 கி.மீ. வேகத்தில் விநாடிக்குச் சுமார் 8 சுற்று. வேகம் குறையக் குறையத் துடிப்பும் அப்படியே மெதுவாகும்.

டிஸ்க் உண்மையில் வளைகிறதா?

‘பெண்டு’ என்ற வார்த்தைதான் நம்மைத் தவறான இடத்துக்குக் கூட்டிப்போகிறது. வார்ப்பிரும்பு டிஸ்க் சூட்டில் தகரம் மாதிரி நெளிவது அபூர்வம். பெரும்பாலும் நடப்பது தடிமன் மாறுவது. டிஸ்க் கொஞ்சம் கோணலாகச் சுற்றினாலும், பேடுகளை (உராயும் கட்டைகளை) டிஸ்க்கின் இருபுறமும் அழுத்தும் காலிப்பர், பக்கவாட்டில் நகரும் வகை என்றால், அதோடு சேர்ந்து ஆடிக்கொடுத்துவிடும், பெடலுக்கு அவ்வளவாக வராது. ஆனால் ஓர் இடம் தடித்தும் ஓர் இடம் மெலிந்தும் இருந்தால், தடித்த இடம் வரும்போதெல்லாம் காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டன் பின்னுக்குத் தள்ளப்படும், அந்த அழுத்தம் பிரேக் ஆயில் வழியாகக் காலுக்கு வந்து சேரும். 0.02 மி.மீ. அளவு வித்தியாசமே உணரப் போதும். தலைமுடி ஒன்றின் தடிமன் இதைப்போல மூன்று நான்கு மடங்கு.

இந்த வித்தியாசம் இரண்டு வழியில் வரும். சூடான டிஸ்க்கை பேட் இறுக்கிப் பிடித்தபடி நின்றால், பேடின் பொருள் அந்த இடத்தில் அச்சாக ஒட்டிக்கொள்ளும். பண்ணாரி வரிசையில் நடந்தது இதுதான். மற்றது மெதுவாக வருவது: ஹப்பில் துரு, ஏர் கன்னால் தாறுமாறாக இறுக்கிய வீல் நட்டுகள், தேய்ந்த பேரிங் ஆகியவற்றால் டிஸ்க் கோணலாகச் சுற்றும். பிரேக் மிதிக்காதபோதும் ஒரே இடம் பேடை உரசிக்கொண்டே இருக்கும், சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் தேய்ந்து மெலியும். புது டிஸ்க் போட்ட அன்று வெண்ணெய் மாதிரி ஓடிய வண்டி, ஆறு மாதத்தில் மறுபடி உதறுவது இதனால்தான்.

இதைக் கண்ணால் பார்க்க முடியாது. கடைசல் என்றாலும் மாற்றுவது என்றாலும், முடிவு எடுக்கும் முன் மைக்ரோமீட்டரை டிஸ்க்கின் சுற்றில் எட்டு இடத்தில், விளிம்பிலிருந்து சுமார் 1 செ.மீ. உள்ளே வைத்து அளக்கச் சொல்லுங்கள். அடுத்து டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தால் கோணல் தெரியும். அனுமதிக்கும் கோணல் வண்டிக்கு வண்டி மாறும், பெரும்பாலும் 0.05 முதல் 0.1 மி.மீ. வரைக்குள் இருக்க வேண்டும். முன் ஹப்பில் இரண்டு டேப்பர் பேரிங் உள்ள வண்டி என்றால், முதலில் பேரிங் ஆட்டத்தை எடுத்துவிட்டு அளக்க வேண்டும். இல்லையென்றால் பேரிங்கின் குற்றம் டிஸ்க் கணக்கில் எழுதப்படும்.

செலவில்லாத வழி

மலை இறங்கிய அன்றே தொடங்கிய உதறல் என்றால் நான் முதலில் பட்டறைக்கே போக மாட்டேன். நல்ல ரோட்டில் 60-லிருந்து 15 வரை, வண்டியை நிறுத்தாமல், மிதமான அழுத்தத்தில் எட்டுப் பத்துத் தடவை பிரேக் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் நடுவே கொஞ்சம் ஓடவிட்டு, கடைசியில் ஐந்தாறு கிலோமீட்டர் பிரேக் தொடாமல் ஓட்டினால், புதிதாக ஒட்டிய பேட் அச்சு பல சமயம் சமமாகிவிடும். பழைய உதறலுக்கு இது பலிக்காது.

காலிப்பர் நகர்வதற்கான ஸ்லைடு பின்கள் இறுகியிருக்கிறதா என்பதையும் இதே கட்டத்தில் பார்த்துவிடலாம். ஓடி நிறுத்திய பிறகு ஒரு சக்கரம் மட்டும் அனலாக இருந்தால், பேட் அங்கே விடாமல் பிடித்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் புது டிஸ்க் போட்டால் அந்தப் பணம் வீண்.

கடைசலும் புது டிஸ்க்கும்

கடைசலின் பலம் விலை. லேத் கூலி சில நூறுகளில் முடியும், ஒரு ஜோடி டிஸ்க் சில ஆயிரம் கேட்கும். பழைய பிக்கப்களுக்கு இன்னொரு சாதகம் உண்டு. பலவற்றில் டிஸ்க்கை ஹப்போடு சேர்த்து போல்ட் போட்டிருப்பார்கள். அந்த ஜோடியைப் பிரிக்காமல், பேரிங் கப் (பேரிங்கின் வெளி வளையம்) உட்காரும் இடத்தை மையமாக வைத்து லேத்தில் பிடித்துக் கடைந்தால், டிஸ்க் எந்த அச்சில் சுற்றப்போகிறதோ அதே அச்சுக்கு நேராக முகம் கிடைக்கும். புது டிஸ்க்கைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பழைய ஹப்பில் போல்ட் போடும்போது இந்த உறுதி கிடையாது. ஹப்பின் முகத்தில் ஒட்டிய 0.05 மி.மீ. துரு, டிஸ்க்கின் விளிம்புக்குப் போகும்போது இரண்டு மடங்கு கோணலாகத் தெரியும்.

ஆனால் லேத்காரர் டிஸ்க்கின் வெளி விளிம்பை லேத்தின் சக்கில் (பிடிப்பானில்) பிடித்துக் கடைந்தால் இந்தச் சாதகம் முழுக்கப் போய்விடும். கடையும் முன் டயல் வைத்துப் பார்க்கிறாரா என்று பாருங்கள். பார்க்காதவரிடம் கொடுப்பதைவிடப் புது டிஸ்க் வாங்குவது மேல்.

கடைசலின் எல்லை தடிமன். டிஸ்க்கில் எங்காவது குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். பக்கத்துக்கு 0.2 மி.மீ. எடுத்தாலே மொத்தம் 0.4 போய்விடும், அதற்குப் பிறகும் பொறித்த அளவுக்கு மேலே, அடுத்த செட் பேட் தேயும் வரை தாங்கும் அளவுக்கு இரும்பு மிஞ்ச வேண்டும். மெலிந்த டிஸ்க்குக்குச் சூட்டைத் தாங்கும் கொள்ளளவு குறைவு. சமவெளியில் தெரியாது. திம்பமோ, 70 வளைவு உள்ள கொல்லிமலையோ இறங்கும்போது தெரியும். வாரம் நான்கு தடவை லோடோடு மலை இறங்கும் வண்டிக்கு, தடிமன் அளவின் ஓரத்தில் இருந்தால் நான் கடைசலை யோசிக்கவே மாட்டேன்.

டிஸ்க்கில் நீலம் பாய்ந்த கருந்திட்டுகள் இருந்தாலும் புதிதுதான். கடும் சூட்டில் அந்த இடத்து இரும்பே மாறிக் கெட்டியாகிவிடுகிறது. கடையும்போது டூல் அதன் மேல் துள்ளும், மேலாகச் சமமானாலும் கெட்டித் திட்டு உள்ளே மிஞ்சும். ஓட ஓட மற்ற இடங்கள் தேய்ந்து அது மேடாக எழும்பும். வெடிப்பு தெரிந்தால் பேச்சே இல்லை.

வண்டியிலேயே டிஸ்க்கை வைத்துக் கடையும் இயந்திரம் சில பெரிய பட்டறைகளில் இருக்கிறது. ஹப்பின் கோணலையும் சேர்த்துச் சரிசெய்துவிடும், கழற்றி மாட்டும் வகை டிஸ்க்குக்கு அருமையான வழி. ஹப்போடு போல்ட் போட்ட பழைய பிக்கப்புக்கு, நல்ல லேத்காரர் கிடைத்தால் அதைத் தேடிக் கோயம்புத்தூர் வரை போகத் தேவையில்லை.

எதைச் செய்தாலும் இடது வலது இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள், பேட் புதிதாக இருக்கட்டும். புது டிஸ்க்கில் பூசியிருக்கும் துரு தடுப்பு எண்ணெயைக் கழுவிவிட்டு மாட்ட வேண்டும். டை ராட், பால் ஜாயிண்ட் போன்ற முன் சக்கர மூட்டுகள் தேய்ந்திருந்தால் அவற்றையும் பாருங்கள். உதறலை அவை உண்டாக்குவதில்லை, ஆனால் சின்ன உதறலைப் பெரிதாக்கிக் கைக்குக் கொண்டுவருபவை அவைதான்.

டிரம் என்றால்

இங்கே போட்டி அவ்வளவு கடினமில்லை, பெரும்பாலும் கடைசல்தான். மலை இறங்கிய சூட்டோடு ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு இரவெல்லாம் நிறுத்தினால், டிரம் அதன் உள்ளே உராயும் லைனிங்கைப் பிடித்தபடி ஆறி ஓவலாகிவிடும். அனுமதிக்கப்பட்ட உச்ச விட்டம் டிரம்மில் பொறித்திருக்கும். பொதுவாக 1 முதல் 1.5 மி.மீ. வரைதான் கடைய இடம் உண்டு. கடைந்த டிரம்முக்குப் பழைய லைனிங் முழுதாக உட்காராது, புது லைனிங் போட்டு ஒட்டிப் பார்ப்பது நல்லது. சூடான வண்டியைச் சமதளத்தில் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து நிறுத்துங்கள். ஆறிய பிறகு ஹேண்ட்பிரேக் போட்டுக்கொள்ளலாம்.

வேலை முடிந்து சக்கரம் மாட்டும்போது ஏர் கன்னை விலக்கி வைக்கச் சொல்லுங்கள். ஹப் முகத்தை உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்த பிறகு, நட்டுகளை எதிரெதிராக, வண்டிக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கட்டும். 100 கிலோமீட்டர் ஓடியபின் நீங்களே ஒரு தடவை சரிபாருங்கள்.