கோலியஸ் காப்ஸ்யூல்: ஒரு வருஷத்துக்கு மேல் சாப்பிட்ட பிறகு

உடம்பு இளைக்க நான் சாப்பிடும் கோலியஸ் காப்ஸ்யூல் டப்பாவின் விலை இந்த மாதம் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். எனக்கு வந்ததோ எரிச்சல். பாதி விலைக்கே கொடுக்க முடியும் என்றால், இத்தனை நாள் கொடுத்த மீதிப் பாதி எதற்கு?

இது என்ன என்று தெரிந்துதான் படிக்க வந்திருப்பீர்கள். மருந்துக்கூர்க்கன் கிழங்கின் சாறு, அதில் ஃபோர்ஸ்கோலின் என்ற சத்து, காஃபின் கிடையாது, காலையும் இரவும் ஒவ்வொன்று, டப்பாவில் 60. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இதைச் சாப்பிட்டு ஒரு ராத்திரிகூட எனக்குத் தூக்கம் கெட்டதில்லை. கொழுந்தனார் மகன் ஜிம்முக்குப் போகிறவன். அவன் வாங்கும் ஃபேட் பர்னரில், அதாவது கொழுப்பைக் கரைப்பதாகச் சொல்லி விற்கும் மாத்திரையில், காஃபின்தான் முதல் சரக்கு. விழுங்கிய கொஞ்ச நேரத்தில் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், நடுராத்திரியில் மொட்டை மாடியில் நடந்துகொண்டிருப்பான். அந்த வம்பு இதில் இல்லை. காஃபின் நரம்பைத் தட்டி எழுப்பும். ஃபோர்ஸ்கோலின் போகிற வழி வேறு. செல்லில் அடினைலேட் சைக்ளேஸ் என்ற நொதியைத் தூண்டி, சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற பொருளைக் கூட்டுகிறது. அது கூடினால், சேர்ந்து கிடக்கும் கொழுப்பை உடைக்கும் நொதி வேலையில் இறங்கும். உடைந்ததைச் செலவழிக்க வேண்டியது நாம்தான். செலவாகாத கொழுப்பு திரும்பப் போய்ப் பழைய இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். இந்த இரண்டாம் பாதியை எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

எடையா? குறையவில்லை. ஏறவும் இல்லை. தீபாவளி, பொங்கல், ஆடிப் பதினெட்டுக் கறிச்சோறு, உறவில் வந்த கல்யாணங்கள் எல்லாவற்றையும் தாண்டி மெஷின் முள் நின்ற இடத்திலேயே நிற்கிறது. இடுப்பு மட்டும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. பழைய ஜாக்கெட் இரண்டு மறுபடி ஏறுகின்றன. ராத்திரிச் சோற்றை விட்டு ராகிக் களிக்கு மாறியதும், சாயங்காலம் நடக்க ஆரம்பித்ததும் அதே சமயத்தில்தான். எந்த வேலையை எது செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. மாமியாரைக் கேட்டால் எல்லாம் கொள்ளு ரசத்தின் மகிமை என்பார்.

ஆராய்ச்சியும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறது. 2005-ல் இரண்டு சின்ன ஆய்வுகள் வெளிவந்தன. இரண்டிலும் 10 சதவீதம் ஃபோர்ஸ்கோலின் உள்ள சாறு 250 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை, 12 வாரம். ஒன்றில் பருமனான 30 ஆண்கள். அவர்களுக்கு உடல் கொழுப்பு குறைந்தது, ஆனால் எடையில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை. இன்னொன்றில் 23 பெண்கள். அவர்களுக்குக் கொழுப்பும் குறையவில்லை, எடையும் குறையவில்லை. எடை ஏறாமல் பிடித்து வைக்க உதவலாம் என்ற அளவோடு முடித்துக்கொண்டார்கள். விளம்பரத்தில் ஆண்களை வைத்துச் செய்த ஆய்வைக் காட்டி, ஒல்லியான ஒரு பெண்ணின் படத்தைப் போடுகிறார்கள். கேட்பார் இல்லை.

கொடம்புளி காப்ஸ்யூலைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். அதிலும் காஃபின் கிடையாது. அதிலுள்ள ஹைட்ராக்ஸி சிட்ரிக் அமிலம் மாவுச்சத்து கொழுப்பாக மாறுவதைத் தடுக்கும் என்பது கணக்கு. 1998-ல் அமெரிக்காவில் 135 பேரிடம் 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இதைச் சாப்பிட்டவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. சிலருக்குக் கல்லீரல் பாதித்த செய்திகளும் உண்டு. மீன் குழம்பில் போட்டால் அருமையாக இருக்கும், அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இனி என் குறை. வயிறு.

முதல் வாரத்தில் சின்ன இளக்கம்தான். பழகினால் சரியாகும் என்றார்கள். பழகவே இல்லை. காலையில் வெறும் வயிற்றில் போட்டுவிட்டுப் பென்னாகரத்தில் பஸ் ஏறினால், இண்டூர் வருவதற்குள் அடிவயிறு முறுக்க ஆரம்பிக்கும். டிரைவர் ஒவ்வொரு வேகத்தடையிலும் நிதானமாக ஏறி இறங்குவார், எனக்கு வியர்த்துக் கொட்டும். ஒருநாள் இண்டூரிலேயே இறங்கி, முன்பின் தெரியாத ஒரு வீட்டில் போய் "அக்கா, கொஞ்சம் பாத்ரூம்..." என்று நின்றேன். அந்தம்மா ஒன்றும் கேட்காமல் சோப்பை எடுத்துக் கொடுத்தார். டிபனுக்குப் பிறகு போட்டேன், பரவாயில்லை. ராத்திரி வேளையைச் சாயங்காலமாக்கினேன், இன்னும் கொஞ்சம் பரவாயில்லை. இளக்கம் முழுதாக நின்றது, வேளைக்கு ஒன்றைத் தினத்துக்கு ஒன்றாக்கிய பிறகுதான். ஆனால் ஆய்வில் கொடுத்த அளவு இரண்டு வேளை. அப்படியானால் பாதி அளவு சாப்பிட்டு நான் எதைச் சோதித்துக்கொண்டிருக்கிறேன்? வயிறு இளகலாம் என்று டப்பாவில் ஒரு வரி இல்லை. "இயற்கையானது" என்பது மட்டும் மூன்று இடத்தில் இருக்கிறது.

இந்த நேரத்தில்தான் கிருஷ்ணகிரியிலிருந்து நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, வெல கொறைஞ்சிருக்கே, வாங்கட்டுமா?" அவளுக்குப் பதில் சொல்லலாம் என்று டப்பாவை எடுத்து லேபிளை ஒழுங்காகப் படித்தேன். ஒரு காப்ஸ்யூலில் சாறு 250 மில்லிகிராம், அதில் ஃபோர்ஸ்கோலின் 10 சதவீதம், அதாவது 25 மில்லிகிராம். 60 காப்ஸ்யூலுக்கும் சேர்த்து ஒன்றரை கிராம். நல்ல காய்ந்த கிழங்கில் ஃபோர்ஸ்கோலின் அரை சதவீதம் போல இருக்கும். அப்படியென்றால் ஒரு டப்பாவுக்கு வேண்டியது 300 கிராம் காய்ந்த கிழங்கு. சேதாரத்துக்கும் சேர்த்து அரைக் கிலோ என்றே வைத்துக்கொள்வோம்.

அரைக் கிலோ கோலியஸ் என்ன விலை என்று எனக்குத் தெரியும். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் எங்கள் அப்பா ஒரு காலத்தில் ஒப்பந்தத்துக்குக் கோலியஸ் போட்டவர். சேலம், தருமபுரி ஜில்லாக்களில் நிறையப் பேர் போட்டார்கள். நுனித் தண்டைக் கிள்ளி நட்டு, ஆறு மாதம் காத்திருந்து, வாடல் நோய்க்கும் நூற்புழுவுக்கும் போனது போக மிச்சத்தைத் தோண்டுவோம். மண் போகக் கழுவி, அரிவாள்மனையில் துண்டு போட்டுப் பாறையில் பரப்புவோம். இஞ்சியை நினைவுபடுத்தும் ஒரு வாசனை தெரு வரைக்கும் வரும். மேகம் கூடினால் தார்ப்பாயோடு ஓடுவோம். துண்டை ஒடித்தால் சட்டென்று ஒடிய வேண்டும், வளைந்தால் ஈரம். வாங்க வருகிறவர் மூட்டையில் கைவிட்டு, ஒடிகிற துண்டையெல்லாம் தள்ளிவிட்டு, வளைகிற ஒன்றைத் தேடி எடுப்பார். அந்த ஒரு துண்டுக்காக மூட்டைக்கு இவ்வளவு என்று கழிப்பார். கழித்தது போக, அரைக் கிலோவுக்கு அப்பா கைக்கு வந்தது இன்றைய விலையில் இரண்டு டீக்குக் காணாது.

காப்ஸ்யூலை அன்றைக்குப் பிரித்துப் பார்த்தேன். வெளிர் பழுப்புத் தூள், நாக்கில் வைத்தால் கசப்பு. மூக்கருகே கொண்டு போனால் அதே பாறை வாசனை, மிக மெல்லிசாக.

இத்தனைக்கும் ஃபோர்ஸ்கோலின் நம் ஊர்ச் சரக்கு. எழுபதுகளில் லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனமும் மும்பையில் ஹெக்ஸ்ட் என்ற ஜெர்மன் மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடமும் இதைத் தனித்தனியே பிரித்தெடுத்தன. அவர்கள் பார்த்தது தொப்பையை அல்ல, இதயத்தையும் ரத்த அழுத்தத்தையும். இது ரத்தக் குழாயை விரித்து அழுத்தத்தை இறக்கும். பி.பி. மாத்திரை சாப்பிடுகிற மாமியார் "எனக்கும் ஒண்ணு குடு" என்று கேட்டபோது டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். பி.பி. மாத்திரையோ ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையோ சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம்.

நாத்தனாரிடம் சொன்னேன், வாங்காதே. படபடப்பு இல்லை, தூக்கம் கெடவில்லை, ஜாக்கெட் ஏறுகிறது, எல்லாம் உண்மைதான். இருந்தாலும் வாங்காதே. பாதி விலையானாலும் அரைக் கிலோ கிழங்குக்கு அது அநியாயம். "அப்ப நீங்க நிறுத்திட்டீங்களா அண்ணி?" என்றாள். வீட்டில் ஒரு டப்பா உடைக்காமல் இருக்கிறது. அது பழைய விலைக்கு வாங்கியது. அது தீரட்டும்.