28,500 ரூபாய்க்கு ரெண்டு முங்கல்: ஸ்கூபா ‘அட்வான்ஸ்ட்’ கோர்ஸ் என்று யாராவது ஆசை காட்டினால் இதைப் படியுங்கள்

கோபத்தில் எழுதுகிறேன், முன்னப்பின்ன இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 28,500 ரூபாய் போய்விட்டது. லீவும் பஸ் செலவும் தனி.

நான் திருப்பூர், பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். கடலுக்கும் எங்களுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. நீச்சல் பழகியது தாத்தா தோட்டத்துக் கிணற்றில், இடுப்பில் சுரைக்குடுவை கட்டிக்கொண்டு. போன வருடம் அந்தமானில் ஓப்பன் வாட்டர் என்கிற ஆரம்ப ஸ்கூபா கோர்ஸை முடித்தேன். அந்தக் கார்டுக்கு 18 மீட்டர் ஆழம் வரை போகலாம். ஆனால் கார்டு கைக்கு வந்ததும் டைவிங் வந்துவிடாது என்று எனக்கே தெரிந்தது. தண்ணீருக்குள் ஒரே மட்டத்தில் நிற்க வராது. பி.சி.டி.யில், அதாவது காற்று ஏற்றி இறக்குகிற மிதவை ஜாக்கெட்டில், காற்றை ஏற்றினால் பலூன் மாதிரி மேலே போவேன், விட்டால் மண்ணில் போய் உட்காருவேன். கூட வந்தவர்களுக்குப் பாதி டேங்க் மிச்சம் இருக்கும்போது என் காற்று மீட்டரின் முள் 50 பாரை, அதாவது மேலே கிளம்ப வேண்டிய அளவைத் தொட்டிருக்கும். இதைச் சரி பண்ணத்தான் அட்வான்ஸ்ட்.

அந்தக் கோர்ஸில் 5 டைவ். ஆழமான டைவ் ஒன்று, காம்பஸ் வைத்துத் திசை பிடிக்கிற டைவ் ஒன்று, இந்த இரண்டும் கட்டாயம். மற்ற மூன்றும் நம் விருப்பம்; நான் ஒரே மட்டத்தில் மிதக்கப் பழகுகிற பாயன்சி டைவைத்தான் முதலில் எடுக்க நினைத்திருந்தேன். முடித்தால் 30 மீட்டர் வரை. இவ்வளவும் எனக்கு முன்பே தெரியும். தெரிந்தே ஏமாந்தேன், அதுதான் வயிற்றெரிச்சல்.

ஏஜென்சியின் பேரைப் போடவில்லை, போட்டால் கேஸ் அது இது என்று இழுப்பார்கள் என்கிறான் தம்பி. கோவையில் உட்கார்ந்துகொண்டு இன்ஸ்டாகிராமில் ஆள் பிடித்து, பாண்டிச்சேரிக்குக் கைமாற்றி விடுகிற வகை. அந்த ஆள் திருப்பூருக்கே வந்தார். அவிநாசி ரோட்டில் ஒரு பேக்கரியில் உட்கார்ந்தோம். பேச்சு சுத்தமான நம்மூர்ப் பேச்சு. “ஏனுங்ணா, நம்ம பக்கத்து ஆளுங்ககிட்டப் போய் நான் காசு புடுங்குவனுங்களா?” தன் கையில் இருந்த, ஆழம் காட்டுகிற டைவ் கம்ப்யூட்டரைக் கழற்றி என் மணிக்கட்டில் கட்டிவிட்டார். ஒரு பட்டனை அமுக்கினார், 27.3 மீட்டர் என்று காட்டியது. “இந்த நம்பர் உங்க கையில வர்ற வரைக்கும் என்ர பொறுப்புங்ணா.” அந்த ரப்பர் பட்டையில் அவர் கைச்சூடு இன்னும் இருந்தது. நான் விழுந்தது அங்கேதான். டீக்கும் பப்ஸுக்கும் அவரே காசு கொடுத்தார். நான் ஜிபேயில் 28,500 அனுப்பினேன், கம்பெனிக் கணக்குக்கு இல்லை, அவர் சொந்த நம்பருக்கு. பில் கேட்டதற்கு “கார்டோட சேர்ந்து வந்துருங்ணா” என்றார். ஒரு தையல் விட்டிருந்தாலே பீஸைத் திருப்பி அனுப்புகிறவன் நான். அன்றைக்குப் புத்தி எங்கே போனதோ.

பாண்டியில் படகில் ஏறியதும் பார்த்தால், எங்களைக் கூட்டிப்போக இருபத்தி மூணு இருபத்தி நாலு வயசுப் பையன் ஒருத்தன்தான். மூச்சு விடுகிற ரெகுலேட்டரின் வாய்ப்பகுதி யார் யாரோ கடித்துப் பிய்ந்திருந்தது. முதல் டைவ் 11 மீட்டர். சும்மா சுற்றிக் காட்டினான். மேலே வந்து “காம்பஸ் எப்போ தம்பி?” என்றேன். “காம்பஸா? எனக்கு ஃபன் டைவ்னுதாண்ணா சொல்லி அனுப்புனாங்க. நான் டைவ்மாஸ்டர், கோர்ஸ் எடுக்க முடியாது” என்றான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், உள்ளதைச் சொன்னவன் அவன் ஒருத்தன்தான். டைவ்மாஸ்டர் நம்மைக் கூட்டிப் போகலாம். அட்வான்ஸ்ட் சான்று கொடுக்க இன்ஸ்ட்ரக்டர் வேண்டும். இரண்டாவது டைவில் முள் 50-க்கு வந்ததும் மேலே போகலாம் என்று கட்டைவிரலைத் தூக்கினேன். அவன் கேமராவில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அவ்வளவுதான், கோர்ஸ் முடிந்தது. 5 டைவில் 2.

இதில் இன்னொரு கூத்து. பேக்கேஜில் ‘ஏற்காடு இலவசம்’. டைவ் முடித்த அன்று ராத்திரியே சேலம் வழியாக மலையேற்றுவார்களாம். இரண்டு டைவ் போனவன் 18 மணி நேரமாவது விமானமும் ஏறக்கூடாது, மலையும் ஏறக்கூடாது. உடம்பில் கரைந்திருக்கிற நைட்ரஜன், மேலே போகப்போக அழுத்தம் குறைந்து குமிழாகக் கிளம்பும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஓப்பன் வாட்டர் புத்தகத்திலேயே இருக்கிற பாடம் இது. வேனில் ஏறாமல் பஸ் பிடித்து வந்துவிட்டேன். வந்த ஆறு பேரில் இரண்டு பேர் போனார்கள், நல்லவேளை ஒன்றும் ஆகவில்லை.

அப்புறம் போன் படலம். முதல் வாரம் “கார்டு பிரிண்ட்ல இருக்குங்ணா.” இப்போதெல்லாம் கார்டு போனிலேயே வரும், அதைச் சொன்னதும் “சர்வர் டவுனுங்ணா.” அடுத்து மேடம் லீவு. அடுத்து, சத்தியமாக இப்படியே சொன்னார், “ஆடி முடியட்டுங்ணா, புதுசா எதுவும் பண்றதில்ல.” ஆடி முடிந்தது. “ரெண்டு டைவ் போனீங்கல்லோ, அதுக்குக் காசு சரியாப் போச்சு” என்றார். இரண்டு டைவுக்கு 28,500! கேட்டேன். நீல டிக் விழுந்தது. மறுநாள் பிளாக்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன். அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் ஆரம்பித்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாக: இன்ஸ்ட்ரக்டரின் பேரும் நம்பரும் வாங்காமல் ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள், சான்று தரும் அமைப்பின் தளத்தில் அந்த நம்பரைப் போட்டுப் பார்க்கலாம். எந்த 5 டைவ், எந்த நாள் என்று எழுத்தில் கேளுங்கள். நடுவில் ஏஜென்ட் வேண்டாம், டைவ் சென்டரிலேயே பேசுங்கள். சொந்த நம்பருக்கு ஜிபே வேண்டவே வேண்டாம்.

இன்று காலை தம்பி ஒரு விளம்பரம் அனுப்பினான். அதே ஏஜென்சி, வேறு பேர். ‘அட்வான்ஸ்ட் முடித்த நம்ம திருப்பூர் அண்ணா, சூப்பர் சொல்கிறார்!’ படத்தில் நான்தான், கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு. காற்று தீருது, மேலே போகலாம் என்றேன் சாமி.