புதியது என்று விற்ற பழைய க்ளட்ச்: பணம் கொடுக்குமுன் பெட்டியைத் திறந்து பாருங்கள்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் உள்ள வீட்டிலோ தோட்டத்திலோ சைட்-பை-சைட் வண்டி (இருவர் அருகருகே அமர்ந்து கரடுமுரடான பாதையில் ஓட்டும் நாற்சக்கர வண்டி) வைத்துக்கொண்டு, அதற்கான உதிரிபாகங்களைச் சிங்கப்பூரில் வாங்கித் தாமே மாட்டிக்கொள்ளும் நம்மவர்கள் சிலரையாவது இந்தப் பதிவு சென்றடைய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். எங்களுக்கு நேர்ந்தது இன்னொரு குடும்பத்துக்கு நேரக்கூடாது. பழுதுபார்த்து மெருகேற்றிய ஒரு பிரைமரி க்ளட்சை (இன்ஜின் பக்கம் இருந்து பெல்ட்டைச் சுழற்றும் க்ளட்ச்), பெட்டி பிரிக்காத புதுச்சரக்கு என்று சொல்லி, புதியதற்கான முழு விலையும் வாங்கிக்கொண்டு ஒரு கடைக்காரர் எங்களிடம் விற்றார்.

வண்டி ஒரு பழைய போலாரிஸ் ஆர்இசட்ஆர். என் மைத்துனருக்குக் குலாய்ப் பக்கம் வீடும் சிறிய செம்பனைத் தோட்டமும் உண்டு. உரமூட்டை ஏற்றவும் மழைக்காலத்தில் சேற்றுப் பாதையில் போய்வரவும் இருவரும் சேர்ந்து வாங்கிய வண்டி அது. சிங்கப்பூர்ச் சாலையில் ஓட்டக்கூடிய வண்டியல்ல. அடுக்குமாடி வீட்டின் கார்ப்பேட்டையில் வைத்து க்ளட்ச் கழற்றவும் யாரும் விடமாட்டார்கள். ஆகவே பாகங்களை இங்கே வாங்கி, வேலையை அங்கே வீட்டு முகப்பில் செய்வதுதான் எங்கள் வழக்கம்.

புறப்படும்போது வண்டி உதறத் தொடங்கியது. மேட்டில் ஏறுகையில் இன்ஜின் சுழற்சி உயர்ந்தாலும் வேகம் உயரவில்லை. பெல்ட் கருகும் வாடையும் வந்தது. க்ளட்சுகளை மூடியிருக்கும் உறையைத் திறந்து பார்த்ததில், இன்ஜின் பக்கத்துப் பிரைமரி, பெல்ட்டின் மறுமுனையில் சக்கரங்களுக்கு விசையைக் கடத்தும் செகண்டரி ஆகிய இரண்டு க்ளட்சுகளின் தட்டுகளிலும் பெல்ட் ஓடும் இடத்தில் விரல்நகம் மாட்டுமளவு பள்ளம் விழுந்திருந்தது. பிரைமரி க்ளட்சுக்குள் இருக்கும் வெயிட்டுகள் சுழலும் வேகத்தில் வெளியே விரிந்து நகரும் தட்டை உள்நோக்கித் தள்ளுவதால்தான் பெல்ட் மேலே ஏறுகிறது; அதே நேரத்தில் செகண்டரி க்ளட்ச் விரிந்து பெல்ட்டைக் கீழே இறங்க விடுகிறது. இந்த ஏற்ற இறக்கம் தடங்கலின்றி நடக்க வேண்டும். பள்ளம் விழுந்த தட்டில் பெல்ட் ஓரிடத்திலேயே சிக்கி நிற்கும். நகரும் தட்டைத் தாங்கும் உள்வளையமான புஷ் தேய்ந்திருந்தால் அந்தத் தட்டு சாய்ந்து பெல்ட்டின் ஒரு பக்கத்தை மட்டும் அரித்துவிடும். எங்கள் வண்டியில் இரண்டுமே இருந்ததால் இரண்டு க்ளட்சுகளையும் ஒன்றாக மாற்ற முடிவு செய்தோம்.

இங்குள்ள தொழிற்பேட்டை ஒன்றில் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் ஒருவரை நண்பர் ஒருவர் காட்டினார். கடைக்காரரும் தமிழர்தான். “அண்ணே, பெட்டி பிரிக்காத ஒரிஜினல் சரக்கு, வேறெங்கே போனாலும் இந்த விலைக்குக் கிடைக்காது” என்றார். பிரைமரி, செகண்டரி, பெல்ட் மூன்றுக்கும் சேர்த்து 1,850 சிங்கப்பூர் வெள்ளி கேட்டார். பழைய க்ளட்சுகளைக் கொண்டுவந்து கொடுத்தால் 150 வெள்ளி கழித்துக்கொள்வதாகவும் சொன்னார். ஜொகூர் சுங்கத்தில் காட்டுவதற்காக, பாகத்தின் பெயர், எண், நிலை எல்லாவற்றையும் எழுதிய ரசீது வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். அதில் ‘புதியது’ என்று அவர் கைப்பட எழுதிக் கொடுத்த அந்த ஒரு சொல்தான் பிறகு எங்களைக் காப்பாற்றியது. வெறுமனே ‘க்ளட்ச் ஒரு செட்’ என்று எழுதித் தரும் கடைகளே அதிகம். அப்படிப்பட்ட ரசீதை யாரும் ஏற்றுக்கொள்ளக் கூடாது.

மாட்டும் வேலையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டால் கை தாராளமாக நுழையும். செகண்டரி ஒரே போல்ட்டில் கழன்று பல்லுள்ள தண்டிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். பிரைமரி கூம்பான தண்டில் இறுகிப் பிடித்திருப்பதால், அந்த மாடலுக்கே உரிய, க்ளட்சைத் தண்டிலிருந்து விடுவிக்கும் புல்லர் போல்ட் இல்லாமல் அதைக் கழற்ற முயலவே கூடாது. கடப்பாரை கொண்டு நெம்பினால் தட்டு கோணிவிடும். புதியதை ஏற்றுமுன் கூம்பையும் அது உட்காரும் துளையையும் எண்ணெய்ப் பசையின்றித் துடைக்க வேண்டும். அங்கே கிரீஸ் தடவக் கூடாது. போல்ட்டை அந்த ஆண்டுக்குரிய பழுதுபார்ப்புக் கையேடு சொல்லும் அளவுக்கு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். இவை அனைத்தையும் அப்படியே செய்தோம். புது பெல்ட் பழகும்வரை மெதுவாகத்தான் ஓட்டினோம்.

ஆனாலும் வண்டி நடுங்கியது. முன்பு இல்லாத ஓர் அதிர்வு, இன்ஜின் வேகம் கூடக்கூடக் கூடியது. சில வாரங்களுக்குள் புது பெல்ட்டின் ஒரு விளிம்பு மட்டும் நார் நாராகப் பிரிந்தது. மறுபடியும் பிரைமரியைக் கழற்றி மேசைமேல் வைத்து, விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தபோதுதான் எல்லாம் தெரிந்தது. போலாரிஸ் பிரைமரி க்ளட்சின் மூடியிலும், நடுவிலுள்ள ஸ்பைடர் என்ற பல கைகள் கொண்ட பாகத்திலும், நகரும் தட்டிலும் எக்ஸ் வடிவக் குறி ஒன்று இருக்கும். சமநிலை கெடாமலிருக்க மூன்றும் ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும். இதில் மூடியின் குறி ஒரு பக்கமும் தட்டின் குறி வேறொரு பக்கமும் இருந்தன. அதாவது யாரோ அதைப் பிரித்து, குறியைப் பார்க்காமல் மூடியிருக்கிறார்கள். மூடியின் போல்ட் தலைகளில் ஸ்பானர் வழுக்கிய தழும்பு இருந்தது. தட்டின் முகத்தில், தொழிற்சாலைக் கடைசலின் சீரான வட்டக்கோடுகளுக்குக் குறுக்கே உப்புத்தாள் தேய்த்த கீறல்கள் ஓடின. வெயிட்டுகளின் மூக்கு வளைந்திருக்க வேண்டிய இடத்தில் தட்டையாகத் தேய்ந்திருந்தது. அவ்வளவு தேய்மானம் எங்கள் சில வாரத்து ஓட்டத்தில் வந்திருக்கவே முடியாது. ஸ்பிரிங் மட்டும் பளபளவென்று புதிதாக இருந்தது. பள்ளத்தைத் தேய்த்து மறைத்து, ஸ்பிரிங்கை மாற்றி, துடைத்துப் பெட்டியில் போட்டிருக்கிறார்கள். இப்படிப் பிறர் கொடுத்துவிட்டுப் போகும் பழைய க்ளட்சுகள்தாம் அந்த 150 வெள்ளித் தள்ளுபடியின் வழியே கடைக்குத் திரும்பி வருகின்றனவோ என்ற ஐயம் எனக்கு இன்னும் தீரவில்லை.

கடைக்காரரிடம் படங்களைக் காட்டியபோது அவர் பாகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “நீங்களே மாட்டினீங்க இல்ல, அண்ணே? எங்க ஆள் மாட்டியிருந்தா உத்தரவாதம் உண்டு. நீங்க எப்படிக் கழட்டினீங்க, எதை வச்சு அடிச்சீங்கன்னு எனக்கு என்ன தெரியும்?” என்பதே அவருடைய ஒரே பதில். வீட்டில் வேலை செய்பவர்கள் அனைவரும் இந்த ஒரு வாக்கியத்துக்கு அஞ்சி விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள் என்பதை அறிந்துதான் அவர் அப்படிப் பேசினார் என்று நினைக்கிறேன்.

அஞ்ச வேண்டியதில்லை. பழுதுபார்த்து மாற்றியமைத்த பொருளைப் புதியது என்று கூறி விற்பதை, சிங்கப்பூரின் பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டம் நியாயமற்ற செயல்களின் பட்டியலில் வெளிப்படையாகவே சேர்த்திருக்கிறது. 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள, எல்லாரும் லெமன் சட்டம் என்று அழைக்கும், குறையுள்ள பொருளை வாங்கியவருக்குப் பாதுகாப்பு தரும் பிரிவுகளின்படி, பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரியவந்தால், அது விற்கும்போதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும். அப்படி இல்லை என்று நிறுவும் பொறுப்பு பொதுவாக விற்றவருடையது. நாமே மாட்டினோம் என்பதால் மட்டும் அந்தப் பொறுப்பு நம் தலையில் வந்து விழுந்துவிடாது. ஆனால் கடையில் வாங்கினால்தான் இது பொருந்தும். தெரிந்தவர் ஒருவர் தன்னிடமிருந்ததைத் தனிப்பட்ட முறையில் விற்றால் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

முதலில் பயனீட்டாளர் சங்கத்திடம் புகார் கொடுத்தோம், கடைக்காரர் அசையவில்லை. பிறகு சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் இணையவழி மனு கொடுத்தேன். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே கொண்டு செல்லலாம். வழக்கறிஞருக்கு அங்கே இடமில்லை என்பதால் சாதாரண மனிதர் தம் ரசீதையும் படங்களையும் வைத்துக்கொண்டு தாமே பேசலாம். இரண்டு ஆண்டுக்குள் கொண்டுபோக வேண்டும். 5,000 வெள்ளிக்கு மேற்படாத கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டும் கட்டணம் 10 வெள்ளி. முதற்கட்டக் கலந்துரையாடலில் நான் மேசைமேல் வைத்தவை ‘புதியது’ என்று எழுதிய ரசீது, எக்ஸ் குறிகள் விலகி நிற்கும் படம், தேய்ந்த வெயிட்டின் படம் ஆகிய மூன்றும்தான். பிரைமரி க்ளட்சின் விலையைத் திருப்பித் தர அவர் அங்கேயே ஒப்புக்கொண்டார். நாசமான பெல்ட்டுக்கும், கைவிட்டுப் போன எங்கள் பழைய க்ளட்சுகளுக்கும் எதுவும் கிடைக்கவில்லை.

கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. இந்த வழக்கம் ஒரு கடையோடு நிற்பதாகவும் நான் நம்பவில்லை. க்ளட்ச் வாங்கப் போகிறவர்கள், கடைக்காரரின் முன்னாலேயே பெட்டியைத் திறந்து, எக்ஸ் குறிகளையும், கூம்பு உட்காரும் துளைக்குள் முன்பு ஏதேனும் தண்டு உரசிய தடம் இருக்கிறதா என்பதையும், வெயிட்டுகளின் மூக்கையும் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புதியது மாட்டி ஓடிப் பார்க்கும்வரை பழையதைக் கொடுத்துவிடாதீர்கள். அண்மையில் வாங்கி மாட்டியவர்கள், வண்டியில் காரணம் தெரியாத அதிர்வு இருந்தால், ஆறு மாதம் முடிவதற்குள் உறையைத் திறந்து பார்த்துவிடுங்கள்.