சாவிக்கொத்தை நீட்டுகிறவர்களுக்குக் காட்ட ஒரு ஸ்டீல் பட்டை

வலிப்பு உள்ளவர்கள் கையில் கட்டிக்கொள்ளும் அடையாளப் பட்டை ஆன்லைனில் 300 ரூபாய் சுமாரில் கிடைக்கிறது. பேர், நோய், வீட்டு போன் நம்பர் பொறித்த சின்னத் தகடு, அதைக் கையோடு பிடித்துவைக்க ஒரு செயின் அல்லது ரப்பர் பட்டை. பொருள் அவ்வளவுதான். நடுரோட்டில் விழுந்து கிடப்பவருக்கு என்ன, யாரைக் கூப்பிட வேண்டும் என்று வழியில் போகிறவருக்குச் சொல்வதுதான் அதன் வேலை. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனால் இன்னொரு வேலையும் அதன் தலையில் விழுகிறது. "என்ன மாப்ள, கையில இரும்பு போட்டுட்டியா? இனிமே வராதா?" இந்தக் கேள்வி வராத கடை கிடையாது. அதனால் தகடு எத்தனை வருஷம் உழைக்கும் என்பதோடு, கிண்டலுக்கு எவ்வளவு ஈடு கொடுக்கும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த இரும்புக் கதை, அதாவது கையில் இரும்பைக் கொடுத்தால் வலிப்பு நின்றுவிடும் என்கிற நம்பிக்கை. பெரும்பாலான வலிப்பு ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் தானாகவே நின்றுவிடும். ஒருவர் விழுகிறார், கூட்டம் கூடுகிறது, "இரும்பு குடு, இரும்பு குடு" என்று நாலு பேர் கத்துகிறார்கள், யாரோ பைக் சாவியை உருவி மூடின கையை நெம்பித் திறந்து திணிக்கிறார். அதற்குள் ஒன்றரை நிமிடம் ஓடிவிட்டது. வலிப்பு அடங்குகிறது. பேர் சாவிக்குப் போகிறது. விரலை நெம்பியதில் ஏற்பட்ட சுளுக்கும், சாவி முனை கிழித்த உள்ளங்கையும் மட்டும் இவருக்கு மிச்சம். இதே சாவிதான் மறுநாள் கிண்டலாகத் திரும்பி வரும். "டேய், வர்றான் பாரு, சாவிய ரெடியா வெச்சுக்க."

ஸ்டீல் பட்டை நன்றாக வேலை செய்வது இந்த இடத்தில்தான், அதுவும் தயாரித்தவர் நினைத்தே பார்க்காத விதத்தில். நல்ல பட்டைகள் 316 எல் என்கிற தர ஸ்டீலில் வருகின்றன. அதில் குரோமியம் 16 முதல் 18 சதவீதம், நிக்கல் 10 முதல் 14, மாலிப்டினம் 2 முதல் 3. மீதி ஏறக்குறைய முழுக்க இரும்பு, அதாவது மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே பதில் கையிலேயே இருக்கிறது. "இதுலயும் இரும்புதான் அண்ணா. ராத்திரி பகலா கையிலதான் கெடக்குது. அப்படியும் வலிப்பு வருது. உங்க சாவி மட்டும் என்ன பண்ணிடும்?" கோபமில்லாமல், டீயை ஆற்றிக்கொண்டே சொல்லக்கூடிய பதில். கேட்டவருக்கும் முகம் சுண்டாது. கூடவே ஒரு வேலையும் கொடுத்துவிடலாம்: "சாவிய விடுங்க, போன்ல மணி பாத்துக்கங்க. அஞ்சு நிமிஷம் தாண்டுனா 108." கிண்டல் செய்தவரைச் சாட்சியாக மாற்றுவது என்பது இதுதான். அடுத்த தடவை அவர்தான் பக்கத்தில் நிற்கப்போகிறார் என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி சாமானைப் பார்ப்போம். மூன்று வகை சந்தையில் உண்டு. காப்பு மாதிரி வளையாத கெட்டி வளையம், செயினில் கோத்த தகடு, ரப்பர் பட்டையில் ஏற்றிய தகடு. கெட்டிக் காப்பு வேண்டவே வேண்டாம். வலிப்பில் கை தரையில் வேகமாக மோதும்போது மணிக்கட்டு எலும்பில் அடி படும். இன்னொரு குறையும் உண்டு: நம் பக்கம் பாதிப் பேர் கையில் செம்புக் காப்போ, ஐம்பொன் காப்போ, கோயில் கயிறோ இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் இதுவும் ஒன்றாகக் கலந்துவிடும், யாரும் எழுத்தைப் படிக்க மாட்டார்கள். செயின் வகை பார்க்க நகை போல இருப்பதால் கல்லூரிப் பிள்ளைகள் மறுக்காமல் போட்டுக்கொள்வார்கள். ஆனால் மெல்லிய செயினின் சின்னக் கொக்கி இழுபட்டால் பிரிந்துவிடுகிறது. மடக்கிப் பூட்டும் கிளிப் உள்ளதாகப் பார்த்து வாங்கவும்.

எங்கள் கணக்கில் முதல் இடம் ரப்பர் பட்டையில் ஏற்றிய தகட்டுக்கு. தட்டையாக உட்காரும், மோதினால் உறுத்தாது, சிவப்பு மருத்துவக் குறி இருந்தால் கயிறுகளுக்கு நடுவிலும் தெரியும். குறை, வியர்வை. சித்திரை வெயிலில் ரப்பருக்கு அடியில் தோல் ஊறி அரிக்கும். ராத்திரி சோப்பும் பழைய பல் துலக்கும் பிரஷும் போட்டுக் கழுவிக் காயவைத்தால் சரி. கிரானைட் பட்டறை வேலைக்காரர்களுக்கு இது தினசரி வேலை, ஏனென்றால் பாலீஷ் தூள் கிளிப்புக்குள் போய் இறுகிவிடும். அளவுக்கு நூலால் மணிக்கட்டைச் சுற்றி, வந்த நீளத்தோடு ஒன்றரை சென்டிமீட்டர் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்குமேல் தளர்ந்தால் தகடு உள்ளங்கைப் பக்கம் சுழன்று மறைந்துவிடும். மலிவு ஸ்டீலில் செய்த தகடு ஒரு கோடையிலேயே பழுப்பு ஏறும். நிக்கல் ஒத்துக்கொள்ளாத தோல் என்றால் அந்த இடம் சிவந்து தடிக்கும்.

எழுத்துதான் அதிகம் சொதப்பும் இடம். ஆன்லைனில் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பொறித்துத் தருகிறார்கள். தமிழில் வேண்டுமென்றால் வெற்றுத் தகடு வாங்கி இங்கே பொறிக்க வேண்டும். எவர்சில்வர் பாத்திரக் கடையில் சீர் சாமானுக்குப் பேர் வெட்டுகிறார்களே, அவர்களே செய்வார்கள், செலவும் சொற்பம். ஆனால் அந்த மெஷின் கையால் பிடித்து ஓட்டுவது. குடத்தில் பெரிதாக வெட்டும்போது அழகாக வருகிற எழுத்து, 4 சென்டிமீட்டர் தகட்டில் 2 மில்லிமீட்டர் உயரத்துக்கு இறங்கியதும் புள்ளிகள் கோட்டோடு ஒட்டிக்கொள்கின்றன. வலிப்பு என்று எழுதச் சொன்னால் "வலிபபு" என்று வரும். எழுத்து உயரம் குறைந்தது 3 மில்லிமீட்டர் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். அப்போது ஒரு பக்கத்துக்கு இரண்டு வரிதான் கொள்ளும், பரவாயில்லை.

லேசரில் பொறிக்கும் கடைகளில் கோடு சுத்தமாக விழும், ஆனால் அங்கே வேறொரு வில்லங்கம். அந்த சாஃப்ட்வேரில் தமிழை நேரடியாக ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி உட்காரும். "ஒருக்களித்து" பிழைத்துக்கொள்ளும், "கொடுக்காதே" மாட்டிக்கொள்ளும். வாசகத்தைப் படமாகவோ, எழுத்தைக் கோட்டு வடிவமாக மாற்றிய கோப்பாகவோ கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

என்ன எழுதுவது? முன்பக்கம் பேர், அடியில் "வலிப்பு உண்டு". பின்பக்கம் "வாயில் எதுவும் வேண்டாம்", அடியில் வீட்டில் எப்போதும் எடுக்கிற ஒரே ஒரு போன் நம்பர். ரத்த வகை எழுதி இடத்தை வீணாக்க வேண்டாம். தகட்டைப் பார்த்து யாரும் ரத்தம் ஏற்ற மாட்டார்கள், ஆஸ்பத்திரியில் சோதித்துவிட்டுத்தான் ஏற்றுவார்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டை, பாகலூர் பக்கத்துக்காரர்கள், தினமும் பெங்களூருக்கு பஸ் ஏறுகிறவர்கள், ஒரு வரியை ஆங்கிலத்தில் வைப்பது நல்லது. கன்னடம், தெலுங்கு இரண்டிலும் இந்த நோய்க்கு மூர்ச்சை என்கிற சொல்லைத்தான் கொஞ்சம் மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள் என்பதால், வாயால் சொல்ல நேர்ந்தால் அது எல்லைக்கு இருபுறமும் புரியும்.

"காக்கா வலிப்பு" என்று மட்டும் பொறித்துவிடாதீர்கள். கிண்டலுக்கு அதுவே அழைப்பிதழ். பள்ளிக்கூடத்தில் பின்பெஞ்சிலிருந்து "கா... கா..." என்று கேட்கிற சத்தம் அந்தப் பேரில் இருந்துதான் பிறக்கிறது. கால் கை வலிப்பு என்பது பேச்சில் காக்கா வலிப்பாகச் சுருங்கிப்போனது, காக்கைக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இதைப் பிள்ளையைச் சொல்லவிடுவதைவிட, தமிழ் வாத்தியாரை வகுப்பில் சொல்லவைத்தால் எடுபடுகிறது. பாடமாக வந்துவிட்டால் கிண்டலில் சுவை போய்விடும்.

பட்டையால் ஆகாத கிண்டல்களும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் இது விளம்பரமாகிவிடும். கை கால் வெட்டாமல், பத்து விநாடி கண் நிலைகுத்தி நின்று மீள்கிற வகை ஒன்று இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு வகுப்பில் கிடைக்கிற பேர் டியூப்லைட். அங்கே தகட்டை யாரும் திருப்பிப் பார்க்கப் போவதில்லை, ஏனென்றால் நோய் என்றே யாருக்கும் தோன்றாது. அதற்கு வேண்டியது வகுப்பு ஆசிரியர் கையில் ஒரு பக்கக் கடிதம்: எத்தனை விநாடி நீடிக்கும், அப்போது திட்டியோ உலுக்கியோ பயனில்லை, முடிந்ததும் விட்ட வரியைத் திருப்பிச் சொல்ல வேண்டும், தேதியைக் குறித்துவைக்க வேண்டும். திருவிழாக் கூட்டத்தில் "சாமி வந்துடுச்சு டோய்" என்பது இன்னொன்று. இது பாதி கிண்டல், பாதி நம்பிக்கை. வேப்பிலையும் விபூதியும் வந்தால் வரட்டும், கெடுதல் இல்லை. வாய்க்குள் தண்ணீர் ஊற்றாமல் தடுத்தால் போதும். முழு நினைவு வரும் முன் ஊற்றிய தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போகலாம்.

கல்யாணப் பேச்சில் வரும் நக்கலுக்குப் பதில் சட்டத்தில் இருக்கிறது. இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு தடையாக இருந்ததை 1999ல் திருத்தி நீக்கிவிட்டார்கள். பைக் ஓட்டச் சொல்லி உசுப்பேற்றும் நண்பர்களுக்கும் சட்டம்தான் பதில்: லைசென்ஸ் விண்ணப்பத்தோடு தரும் உடல்தகுதி உறுதிமொழியில் வலிப்பு உண்டா என்று நேராகவே கேட்கிறார்கள், பொய் எழுதினால் விபத்தின்போது வம்பு. "பின்னாடி உக்காந்துக்கறேன், நீ பெட்ரோல் போடு" என்பதோடு முடித்துக்கொள்ளலாம்.

மோசமானது வீடியோ. விழுந்தவரைத் தூக்குவதற்கு முன் போனைத் தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள், ராத்திரிக்குள் அது தெரு வாட்ஸ்அப் குரூப்பில் சிரிப்புப் படமாகச் சுற்றும். இதில் சண்டைக்குப் போவதைவிட, எடுத்தவரிடம் இப்படிக் கேட்பது பலிக்கிறது: "அந்த வீடியோவ எனக்கு அனுப்புங்க அண்ணா, டாக்டருக்கு வேணும். குரூப்ல இருக்கறத எடுத்துடுங்க." பொய்யில்லை, உண்மையாகவே வேண்டும். எந்தப் பக்கத்துக் கை முதலில் இழுத்தது, கண் திறந்திருந்ததா, தலை எந்தப் பக்கம் திரும்பியது, எத்தனை நிமிடம், இவற்றையும் வைத்துத்தான் வலிப்பின் வகையையே தீர்மானிக்கிறார்கள். வகை தப்பினால் மாத்திரை தப்பும். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கானாலும், பெங்களூர் நிம்ஹான்ஸுக்கானாலும், போனில் அந்த 2 நிமிடம் இருந்தால் வாய்ச்சொல்லைவிட உதவும்.

இன்னொன்று, கிண்டலைத் தாங்கும் சக்தி மாத்திரையாலும் குறையலாம். லெவெடிராசிடம் என்கிற வலிப்பு மாத்திரை சாப்பிடும் சிலருக்கு எரிச்சலும் சட்டென்ற கோபமும் பக்கவிளைவாக வரும். முன்பு சிரித்துக் கடந்த பேச்சுக்கு இப்போது கைகலப்பு வரை போகிறார் என்றால், குணம் கெட்டுவிட்டது என்று எழுதிவிடாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அதற்காக மாத்திரையைத் தானாக நிறுத்துவது ஆபத்து. திடீரென்று விட்டால் தொடர் வலிப்பு வரலாம்.

பட்டை கூடாத இடங்கள் சில. ஓசூர் சிப்காட்டில் லேத், டிரில் பக்கம் நிற்கிறவர்கள் கையில் எதுவுமே கட்டக் கூடாது, சுற்றும் பாகத்தில் சிக்கினால் கை போய்விடும். அவர்களுக்குச் சட்டைப்பையில் லேமினேட் செய்த அட்டை, 50 ரூபாய்க்குள் முடியும். நைட் ஷிப்டும் தூக்கக் குறைவும் வலிப்பைத் தூண்டும் என்பதை அதே அட்டையைக் காட்டி சூப்பர்வைசரிடம் பேசிக்கொள்ளலாம். எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன் கழற்றிவிட வேண்டும். ஒகேனக்கல் போனால் நிலைமை தலைகீழ்: அட்டை நனைந்து கூழாகும், பட்டைதான் நிற்கும். ஆனால் பட்டை மிதக்கவைக்காது. பரிசலில் லைஃப் ஜாக்கெட்டும், குளிக்கும்போது கைக்கெட்டும் தூரத்தில் ஒரு ஆளும் இருந்தாக வேண்டும், "பயந்தாங்கொள்ளி" என்று எத்தனை பேர் சொன்னாலும்.

போன் நம்பர் மாறினால் தகட்டை மாற்ற மறந்துவிடுவார்கள், அதிகம் நடக்கும் தப்பு இது. ரப்பர் பட்டை வகையில் தகடு மட்டும் தனியாகக் கழன்று வருமா என்று வாங்கும் முன்பே பார்த்துக்கொள்ளவும். பொறித்து முடித்ததும் கடையிலேயே நம்பரைப் படித்துப் படித்து டயல் செய்து, வீட்டில் மணி அடிக்கிறதா என்று கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள். "வலிப்பு"வில் புள்ளி இருக்கிறதா என்பதையும்.