பழைய பைக்கின் வீல், பிரேக் மாற்றக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

ரிம் இரண்டும் துருப்பிடித்துப் போனதால் புது ரிம், ஸ்போக், பேரிங், முன்பின் பிரேக் ஷூ, பின் டயர் எல்லாம் மாற்றச் சொல்லி என் பழைய மோட்டார் சைக்கிளை ஒரு பட்டறையில் விட்டேன். பட்டறையின் பெயரை இங்கே போடவில்லை. இதே வேலையை வேறு யாரும் செய்யலாம், எப்படிச் செய்தார்கள் என்பதுதான் முக்கியம்.

பில்லில் எல்லாமே புதுசு. ரிம்மும் ஸ்போக்கும் நிஜமாகவே புதுசு, பெண்டும் (ரிம்மின் கோணல்) ஒழுங்காக எடுத்திருந்தார்கள். கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் யாரும் கை வைப்பதில்லை.

கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தினால் முன் ஹப்பில் (வீலின் நடுப்பகுதி) கை வைக்க முடியாத சூடு. பிரேக் கேபிளைத் தளர்த்திப் பார்த்தேன், அப்போதும் குறையவில்லை. கொண்டுபோய்க் காட்டினால், “பழைய வண்டி சார், புது ஷூ செட் ஆகிற வரைக்கும் அப்படித்தான் இருக்கும்” என்றார்கள். ஷூ உரசினால் சூடாகும் என்பது உண்மை என்பதால் இந்தப் பதில் யாரிடமும் எடுபடும்.

வேறொரு மெக்கானிக்கிடம் பிரிக்கச் சொன்னேன். ஆக்ஸில் நட்டு ஸ்பேனரை ஒரு தட்டுத் தட்டியதும் கழன்றுவிட்டது. அது இறுக்காமல் விட்டதன் காரணம் உள்ளே இருந்தது: இரண்டு பேரிங்குக்கும் நடுவில் வரவேண்டிய ஸ்பேசர் குழாயே இல்லை. நட்டை இறுக்கும்போது வரும் அழுத்தத்தைத் தாங்குவது அந்தக் குழாய்தான். அது இல்லையென்றால் பேரிங்குகளின் உள்வளையங்கள் ஒன்றை நோக்கி ஒன்று தள்ளப்பட்டு, குண்டுகள் பக்கவாட்டில் நெரிபட்டுச் சூடேறும். முழுக்க இறுக்கினால் வீல் சுற்றாது. சுற்றுகிற அளவுக்கு மட்டும் இறுக்கி அனுப்பிவிட்டார்கள். முன் வீல் ஆக்ஸில் என்பதை நினைவில் வையுங்கள்.

பேரிங்கும் பழசுதான். பேரிங்கின் அளவைக் குறிக்கும் 6302 என்ற எண் பாதி அழிந்து, வெளிவளையத்தில் துருக்கறை, மேலே மட்டும் புது கிரீஸ்.

பின்னால் நடந்தது இன்னும் கெட்டிக்காரத்தனமானது. ஷூ உள்ளிருந்து உரசும் டிரம் அளவுக்கு மீறித் தேய்ந்திருந்தது. ஹப்பிலேயே அதிகபட்ச விட்டம் பொறித்திருக்கும். 110, 130 மி.மீ. டிரம்களில் பெரும்பாலும் 1 மி.மீ. தேய்மானத்துக்கு மேல் அனுமதி கிடையாது. அதைத் தாண்டினால் புது ஷூ போட்டாலும் சரியாக எட்டாது. இவர்கள் ஷூக்களை விரிக்கும் பிரேக் கேமில் இருக்கும் லீவரைக் கழற்றி, ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தார்கள். பெடல் சரியான உயரத்தில் நிற்கும், பிரேக்கும் பிடிப்பதுபோல் இருக்கும். ஆனால் கேம் அளவுக்கு மீறித் திரும்பினால் அப்படியே சிக்கிக்கொண்டு வீல் பூட்டிவிடும். தேய்மானம் காட்டும் அம்புக்குறியைக் காணவே காணோம். இருந்தால் கதை வெளியே வந்துவிடுமே.

ஷூக்களைத் தாங்கும் பிரேக் பிளேட்டை, பின் வீலைத் தாங்கும் ஸ்விங் ஆர்மோடு பிணைக்கும் கம்பியின் போல்ட்டில், நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின்னுக்குப் பதில் ஒரு துண்டுக் கட்டுக்கம்பி. பிளேட்டைப் பிணைக்கும் கம்பி கழன்றால் பிரேக் பிடித்ததும் பிளேட்டே வீலோடு சேர்ந்து சுழலும். டயரின் பக்கத்தில் நாலு இலக்க எண்: 0916. 2016-ம் வருடத்தின் 9-வது வாரத்தில் செய்தது என்று பொருள். ‘புது’ டயராம்.

டிஸ்க் பிரேக் வைத்திருப்பவர்கள் தகட்டில் பொறித்த குறைந்தபட்சத் தடிமனை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். டாட் 4 பிரேக் ஆயில் கேட்கும் வண்டியில் டாட் 5 ஊற்ற விடாதீர்கள். அது சிலிக்கான், இரண்டும் கலக்காது.

வேலைக்கு விடும்போதே, கழற்றும் பழைய பாகம் அத்தனையும் திருப்பித் தரவேண்டும் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். ஹப் மூடும்போது பக்கத்தில் நில்லுங்கள். “கஸ்டமர் உள்ளே வரக்கூடாது” என்றால், உள்ளே போன பேரிங்கின் எண்ணும் மூடுவதற்கு முன் எடுத்த படமும் கேளுங்கள். நான் பழைய பாகங்களைக் கேட்டபோது, “இரும்புக்குப் போட்டாச்சு” என்றார்கள். பேரிங் பணத்தை மட்டும் திருப்பித் தந்தார்கள், டிரம் பற்றிப் பேசவே மறுத்துவிட்டார்கள்.

என் மாடலுக்கு ஸ்பேசர் இப்போது வருவதில்லை, லேத்தில் கடைந்துதான் போட்டேன். உங்களுக்கும் அந்த நிலை வந்தால், ஹப்புக்குள் பேரிங் உட்காரும் இரண்டு விளிம்புகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை வெர்னியர் அளவுகோலால் எடுத்துக் கொடுங்கள். குழாய் அதைவிடத் துளிகூடக் குட்டையாக இருக்கக் கூடாது.