ஸ்டூடியோ காக்கி, ஸ்டேஷன் காக்கி, தையல் காக்கி: எதைச் சேர்க்கலாம்?

கறுப்பு வெள்ளைக் காலத்துத் துப்பறியும் படங்களில் வரும் போலீஸ் உடுப்பைச் சேர்க்க ஆசைப்படுகிறவருக்கு இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. படத்தில் போட்ட உடுப்பையே தேடிப் பிடிக்கலாம். அந்தக் காலத்தில் போலீசில் இருந்தவர்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் அசல் சாமான்களைக் கேட்டு வாங்கலாம். இல்லையென்றால் ஸ்டில்லைக் காட்டிப் புதிதாகத் தைத்துக்கொள்ளலாம். மூன்றிலும் பணம் போட்டவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோவை, ஈரோடு, சேலம் பக்கம் இருப்பவர்கள் பரணிலிருந்து தொடங்குவதுதான் நல்லது. ஸ்டூடியோ உடுப்பு, கையில் ஆதாரம் இருந்தால் மட்டும்.

ஸ்டூடியோ உடுப்பின் மேல் எனக்கும் தீராத மோகம் உண்டு. அதற்குக் காரணம் நம்ம மண்ணிலேயே இருக்கிறது. சேலம் ஏற்காடு ரோட்டில் டி.ஆர்.சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூறு படங்களுக்கு மேல் எடுத்த இடம். ஜெய்சங்கரை வைத்து அந்த நிறுவனம் 1966இல் எடுத்த ‘வல்லவன் ஒருவன்’, 1970இல் எடுத்த ‘சி.ஐ.டி. சங்கர்’ மாதிரிப் படங்கள்தான் எங்களில் பலருக்கு இந்த ஆசையைக் கிளப்பிவிட்டவை. கோவையில் சென்ட்ரல் ஸ்டூடியோவும் பக்ஷிராஜாவும் ஓகோவென்று நடந்தன. இன்று ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. உள்ளே பெட்டி பெட்டியாக இருந்த துணிமணி நாடகக் கம்பெனிக்கும் வாடகைக் கடைக்கும் பழைய துணிக்காரருக்கும் போய்ச் சிதறிவிட்டது. இதை யாரும் முறையாகத் திரட்டி வைக்கவில்லையே என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்தான்.

அந்தப் படங்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். துப்பறியும் நாயகன் பெரும்பாலும் கோட்டும் சூட்டுமாகத்தான் வருவார். காக்கி போட்டவர்கள் கடைசிக் காட்சியில் ஜீப்பிலிருந்து குதிக்கும் துணை நடிகர்கள். அதனால் ஸ்டூடியோ சரக்கு என்று கைக்கு வருவது பெரும்பாலும் கூட்டத்துக்காக மொத்தமாகத் தைத்த சட்டை. “இது ஹீரோ போட்டதுங்க” என்று விற்பவர் சொன்னால் ஸ்டில் கேளுங்கள். கறுப்பு வெள்ளையில் நிறத்தை வைத்து ஒத்துப் பார்க்க வழியே இல்லை. பாக்கெட் மூடியின் வடிவம், பட்டன்களின் இடைவெளி, காலர் முனை, கிழிந்து ஒட்டுப்போட்ட இடம் ஆகியவைதான் சாட்சி. பக்ஷிராஜா பொருள் என்றால் தமிழ்ப் படத்தோடு நிறுத்திவிடாதீர்கள். அதன் அதிபர் ஸ்ரீராமுலு நாயுடு 1954இல் எடுத்த ‘மலைக்கள்ளன்’ கதையையே அடுத்த வருடம் இந்தியில் ‘ஆசாத்’ என்று எடுத்தார். ஒரு படத்துக்குத் தைத்த காக்கி மற்றதிலும் தலைகாட்டியிருக்கலாம்.

சட்டை கைக்கு வந்ததும் நான் முதலில் பார்ப்பது தோள்பட்டையையும் கையையும்தான். நிஜ போலீஸ்காரர் சட்டையில் அவருடைய பதவிக்கான தடம் மட்டும் இருக்கும். ஸ்டூடியோ சட்டையில் கையில் ஏட்டின் மூன்று பட்டை தைத்துப் பிரித்த நூல்தடமும், தோளில் நட்சத்திரம் குத்திய துளைகளும் ஒன்றாக இருக்கும். இந்தப் படத்தில் ஏட்டு, அடுத்த படத்தில் இன்ஸ்பெக்டர். காலரின் உட்பக்கம் சலவைக்குறி ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்திருந்தால் இன்னும் நல்லது. ஒரே சட்டை பல கை மாறி வெளுக்கப் போயிருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் துணி. நூல் ஊரில் பிறந்தவர்களுக்கு இது கைவந்த கலை. தையலின் உட்புற மடிப்பிலிருந்து ஒரே ஒரு இழையை உருவி நெருப்பில் காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசத்தோடு சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் கலந்திருந்தால் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நிற்கும். 1950களின் உடுப்பு என்று சொல்லி, பாலியஸ்டர் கலந்த டெரிகாட்டனை நீட்டினால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். ரூபாய் நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கிலும் காட்டலாம். தையல் நூல் மட்டும் பளீரென்று ஒளிர்ந்தால் அது பிற்பாடு தைத்ததாக இருக்கக்கூடும். ஆனால் சோப்புத் தூளில் அலசிய பழைய துணியும் ஒளிரும் என்பதால் இதை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

உலோகத்தில் காலம் கணிப்பது சுலபம். கிரீடம் பொறித்த பித்தளைச் சின்னம் 1950க்கு முந்தைய வழக்கம். குடியரசான பிறகு அசோகச் சிங்கம் வந்தது. ‘தமிழ்நாடு’ என்ற பெயர் நடைமுறைக்கு வந்ததே 1969 ஜனவரி 14இல்தான். ஆகவே அந்தப் பெயர் பொறித்த சாமானை ‘வல்லவன் ஒருவன்’ காலத்தது என்று ஒருவர் விற்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

இனி ஸ்டேஷன் காக்கி. அரைக்கால் டவுசர், அகலமான தோல் பெல்ட், பித்தளை பக்கிள், விசில், லத்தி என்று நாம் திரையில் பார்த்து ரசித்த எல்லாமே நம்ம ஊரில் யாரோ ஒருவர் பீட்டுக்குப் போட்டுக்கொண்டு நடந்தவைதான். அவை இன்னும் வீடுகளில் இருக்கின்றன. கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு வீட்டில் பாட்டி ஒருவர் தகரப்பெட்டியைத் திறந்து, “எங்க ஊட்டுக்காரரு ஏட்டா இருந்தாருங்க கண்ணு, இந்த பெல்ட்ட மட்டும் ஆருக்கும் குடுக்க மாட்டேனுட்டாரு” என்றார். பக்கிளின் பின்புறம் எண் தட்டியிருந்தது. தோலின் மூன்றாவது ஓட்டை மட்டும் நீண்டு தொய்ந்திருந்தது. இந்த மாதிரிப் பொருளுக்கு வாரிசின் வாய்மொழியும் சீருடையோடு எடுத்த ஒரு போட்டோவும் துணையாகக் கிடைத்துவிடும். ஸ்டூடியோ சட்டைக்கு அந்தச் சாட்சி கிடைப்பது அபூர்வம். அதனால்தான் பரணை முதலில் வைக்கிறேன். கொடுப்பவர் சொல்வதை அன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பெயர், எந்த ஸ்டேஷன், எந்த வருடம் என்று. அவர் மனசு வராமல் கொடுத்தால் வாங்காமல் போட்டோ மட்டும் எடுத்துக்கொள்வது மரியாதை. ரிவால்வர் உறை கிடைத்தால் சரி, உள்ளே ஏதாவது இருந்தால் தொடவே கூடாது. அது 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் விவகாரம்.

வாங்குவதற்கு முன் கண்ணைப் பழக்கிக்கொள்ள கோவையில் பழைய ஹாமில்டன் மன்றக் கட்டடத்தில் இருக்கும் போலீஸ் மியூசியத்துக்குப் போய்வாருங்கள். அசலைப் பக்கத்தில் நின்று பார்த்த கண்ணுக்கு, திரைக்காக வெட்டி வைத்த தகர வில்லை சட்டென்று பிடிபடும்.

தைத்துக்கொள்வதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஈரோட்டில் பருத்தி டிரில் துணி எடுத்து, நல்ல தையல்காரரிடம் நான்கு கோணத்து ஸ்டில்லைக் கொடுத்தால் கச்சிதமாக வந்துவிடும். பொம்மைக்குப் போட்டு அலமாரியில் நிறுத்த இதுதான் சரி, அசல் துணியைத் தொங்கவிட்டால் தோள் இற்றுவிடும். பதவிச் சின்னத்தில் மட்டும் கவனம் தேவை. மூன்று நட்சத்திரமும் அதன் அடியில் சிவப்பு நீல ரிப்பனும் இருந்தால் இன்ஸ்பெக்டர், ரிப்பன் இல்லாவிட்டால் டி.எஸ்.பி. உள்ளே தேதியோடு ‘நகல்’ என்று துணிமையால் எழுதிவிடுங்கள், நாளைக்கு இது கைமாறும்போது யாரும் ஏமாறக்கூடாது. போட்டுக்கொண்டு தெருவில் இறங்குவதும் வேண்டாம். போலீஸ்காரர் என்று நம்பவைக்கும் எண்ணத்தோடு சீருடை அணிந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 205ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும்.

பராமரிப்பில் நமக்கு ஒரு வசதி, கடற்காற்று கிடையாது. கொக்கியும் பக்கிளும் சென்னையில் அரிக்கிற வேகத்தில் இங்கே அரிக்காது. ஆனாலும் பித்தளையைத் தோலோடு சேர்த்தே வைத்தால் பச்சைக் களிம்பு பூத்துத் தோலைத் தின்னும். கழற்ற முடிந்ததைக் கழற்றி, முடியாததற்கு நடுவில் பருத்தித் துணி கொடுங்கள். பளபளப்புக்காகத் தேய்த்தால் எழுத்து மழுங்கிவிடும், தூசி மட்டும் தட்டினால் போதும். பெல்ட்டுக்குத் தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், சிக்கு வாடை போகவே போகாது. சட்டையை மடிப்பு விழாமல் சுருட்டி, வெளுத்த வேட்டித் துணியில் பொதிந்து வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒரு தரம் நிழலில் விரித்துக் காற்றாட விட்டால் பூச்சி அண்டாது.