ரோலர் கோஸ்டரில் தோள்பூட்டா, மடிக்கம்பியா?

ஏற்காடு பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஜன்னலோரம் உட்கார்ந்து போன சேலத்துக்காரர்களுக்குத் தலை இடிபடுவது எப்படியிருக்கும் என்று தெரியும். ரோலர் கோஸ்டரில் ஆளை இருக்கையோடு பிடித்துவைக்கத் தோள்வழியாக இறங்கும் பூட்டும் அப்படித்தான். காதுக்கு இரண்டு பக்கமும் கெட்டியான மெத்தை நிற்கும். தண்டவாளம் தேய்ந்தோ, வளைவு வெடுக்கென்று ஆரம்பித்தோ பெட்டி பக்கவாட்டில் உதறினால் காதும் தாடையும் அதில் மோதும். கம்மலைக் கழற்றிவிட்டு ஏறுங்கள்.

மடிமேல் இறங்கும் மடிக்கம்பி தொடையை மட்டும் பிடிக்கும். உடம்பு குலுங்கும், ஆனால் காதருகே மோத எதுவும் கிடையாது. தலைகீழாகச் சுற்றும் கோஸ்டர்களிலும் இப்போது இது வந்துவிட்டது. வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் அழுத்தும், அவ்வளவுதான்.

என் ஓட்டு மடிக்கம்பிக்கே. தோள்பூட்டுதான் இருக்கிறதென்றால், சரி, தலையை இருக்கையோடு ஒட்டி வையுங்கள். சக்கரத்துக்கு நேர் மேலே இருக்கும் வரிசை வேண்டாம்.